மச்சானோட ஆர்சி 390ல முதல் ரைடே வால்பாறையா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 24 வயசு, ஊரு உடுமலைப்பேட்டை. காலேஜ் சேர்ந்ததுல இருந்து அப்பா வாங்கிக் குடுத்த ஸ்பிளெண்டர் ப்ளஸ்தான் ஓட்டறேன், 2020 மாடல். பெங்களூர்ல வேலை பாக்கற மாமா பையன் போன வாரம் வந்தப்ப அவரோட கேடிஎம் ஆர்சி 390ய எங்க வீட்ல விட்டுட்டு, ஒரு மாசம் நீயே வெச்சு ஓட்டுடான்னு சாவிய குடுத்துட்டு போயிட்டாரு. 2022 மாடல். நான் ஸ்போர்ட்ஸ் பைக் இதுவரைக்கும் ஓட்டினதே இல்ல. வர ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட பின்னாடி உக்கார வெச்சுட்டு வால்பாறை போலாம்னு பிளான். கியர் வண்டி ஓட்டத் தெரிஞ்சா போதும், இதுவும் அதேதான், முன் பிரேக்க மட்டும் தொடாத, தூக்கி அடிச்சிரும்னு பசங்க சொல்றாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, பயப்படுவாங்க. நான் என்னென்ன கவனிக்கணும்?

பதில்: தம்பி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இந்த ஞாயிறு வால்பாறை வேண்டாம், ஃப்ரெண்ட பின்னாடி உக்கார வெக்கறதும் வேண்டாம். வண்டியவே தொடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது நல்ல வண்டி, பழகிட்டா அதுல போற சந்தோஷமே தனி, 24 வயசுல சாவி கைக்கு வந்தா ஓட்டாம இருக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா உங்க பசங்க சொன்ன ரெண்டுமே தப்பு. இதுவும் அதேதான்னு சொன்னதும் தப்பு, முன் பிரேக்க தொடாதன்னு சொன்னது அதை விடப் பெரிய தப்பு.

நீங்க ஓட்டறது ஸ்பிளெண்டர்னு படிச்சதும்தான் எனக்கு பக்குனு ஆச்சு. வேற ஏதாவது 150 சிசி வண்டி ஓட்டறவரா இருந்திருந்தா இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். காரணம் கியர். ஸ்பிளெண்டர்ல நாலு கியரும் முன்னாடி அமுக்கறதுதான், மேல நியூட்ரல், விரலால ஒரு அமுக்கு அமுக்கினா ஃபர்ஸ்ட், இன்னொரு அமுக்கு செகண்ட், அப்படியே தேர்ட், ஃபோர்த், கியர் குறைக்கணும்னா பின்னாடி குதிகால்ல மிதிக்கணும். ஆர்சி 390ல ஃபர்ஸ்ட் மட்டும்தான் கீழ, மத்த அஞ்சு கியரும் மேல, அதாவது கால் விரல லிவருக்கு அடியில விட்டு தூக்கணும், நியூட்ரல் ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவுல அரைத் தூக்குல இருக்கும். குதிகால்ல மிதிக்கற லிவரே கிடையாது. இப்ப யோசிச்சுப் பாருங்க, தேர்ட் கியர்ல 60ல போய்ட்டு இருக்கீங்க, இஞ்சின் கத்துது, அடுத்த கியர் போடணும்னு தோணுது, உங்க இடது கால் இத்தனை வருஷமா என்ன பண்ணுச்சோ அதையே பண்ணும், அமுக்கும். விழறது செகண்ட் கியர். க்ளட்ச்ச விட்ட உடனே இஞ்சின் வீல்னு கத்தி பின் சக்கரத்த பிடிச்சு இழுக்கும், ரோட்டுல மண்ணோ தண்ணியோ இருந்தா பின்னாடி வழுக்கிட்டு போயிரும். அந்த வண்டியில ஸ்லிப்பர் க்ளட்ச் இருக்கு, இந்த மாதிரி இஞ்சின் திடீர்னு இழுக்கறப்ப க்ளட்ச்சே கொஞ்சம் வழுக்கிக் குடுத்து பின் சக்கரம் குதிக்காம பாத்துக்கும், அதனால பாதி அதிர்ச்சி குறையும், ஆனா வளைவுல சாஞ்சிருக்கறப்ப இது நடந்தா மீதிப் பாதியே போதும் கீழ போட.

நான் கவனமாத்தான் இருப்பேன், அதெப்படி மறக்கும்னு நீங்க கேக்கலாம். அமைதியா ஓட்டற வரைக்கும் மறக்காது. ஒரு நாய் குறுக்க வருது, பஸ்காரர் ஹாரன் அடிச்சுட்டே எதிர்ல வர்றாரு, அப்ப மூளை யோசிக்கற வேலையெல்லாம் விட்டுட்டு பழக்கத்துக்கு போயிரும், உங்க காலுக்கு தெரிஞ்ச பழக்கம் ஸ்பிளெண்டர் பழக்கம். எங்ககிட்ட கத்துக்க வர்றவங்கள்ல இந்த கியர் குழப்பம் தரையில வண்டிய போடற அளவுக்கு போறத நான் திரும்பத் திரும்ப பாக்கறேன், அதுவும் நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்கதான் அதிகம் மாட்டுவாங்க, ஏன்னா அவங்க பழக்கம் அவ்வளவு ஆழமா பதிஞ்சிருக்கும்.

அதனால முதல் வேலை, வண்டிய நகத்தாமயே கால பழக்கறது. வீட்டு வாசல்ல வண்டி மேல உக்காருங்க, இஞ்சின் ஆஃப்ல இருக்கட்டும், க்ளட்ச் பிடிச்சுட்டு வாயால சொல்லிக்கிட்டே கால அசைங்க, தூக்கினா ஏறும், அமுக்கினா இறங்கும். நின்ன எடத்துல கியர் எல்லாம் சரியா விழாது, வண்டிய லேசா முன்ன பின்ன ஆட்டினா விழும், விழலன்னாலும் பரவால்ல, காலுக்கு அந்த அசைவு பழகணும் அவ்வளவுதான். காலையில கொஞ்சம் சாயந்தரம் கொஞ்சம்னு ஒரு வாரம் பண்ணுங்க. அந்த வாரம் ஸ்பிளெண்டர ஓட்டாம இருந்தீங்கன்னா இன்னும் நல்லது, ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டறதுதான் குழப்பத்துலயே பெரிய குழப்பம். செருப்புப் போட்டு இந்த வண்டிய தொடவே தொடாதீங்க, விரலுக்கு மேல லிவர் வெச்சுத் தூக்கறதால கட்டாயம் ஷூ வேணும், கணுக்கால மூடற ஷூவா இருந்தா ரொம்ப நல்லது. அப்புறம் மச்சானுக்கு ஒரு ஃபோன் போட்டு க்விக்‌ஷிஃப்டர் ஆன்ல இருக்கான்னு கேளுங்க, அது இருந்தா க்ளட்ச் பிடிக்காமயே கியர் விழும், அதாவது உங்க கால் தப்பா ஒரு தட்டு தட்டினாலே போதும். டிஸ்ப்ளே மெனுல போய் அத ஆஃப் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க, வீடியோ கால்ல கூட சொல்லிக் குடுத்துருவாரு. சிக்னல்ல நிக்கறப்ப மீட்டர்ல எரியற நியூட்ரல் பச்சை லைட்ட பாத்துட்டுதான் க்ளட்ச்ச விடணும், நியூட்ரல்னு நினைச்சு ஃபர்ஸ்ட்ல விட்டா முன்னாடி நிக்கற வண்டிக்குள்ள போயிருவீங்க.

இப்ப பிரேக். இதுல கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா உங்க உயிர் இதுலதான் இருக்கு. 2019 ஏப்ரல்ல நம்ம நாட்டுல 125 சிசி வரைக்கும் உள்ள புது வண்டிக்கெல்லாம் காம்பி பிரேக்கோ ஏபிஎஸ்சோ ஏதாவது ஒண்ணு கட்டாயம்னு ஆக்கினாங்க, அதுக்கு மேல போனா ஏபிஎஸ் கட்டாயம், அதாவது பிரேக் பிடிக்கறப்ப சக்கரம் பூட்டிக்காம விட்டு விட்டுப் பிடிக்கற அமைப்பு. உங்க ஸ்பிளெண்டர் 2020 மாடல்ங்கறதால அதுல காம்பி பிரேக்தான், நீங்க காலால பின் பிரேக்க மிதிக்கறப்ப முன் பிரேக்கும் கூடவே கொஞ்சம் பிடிக்குது, உங்களுக்கே தெரியாம. அதனாலதான் இத்தனை வருஷமா கால வெச்சே வண்டிய நிறுத்திட்டு வந்திருக்கீங்க, அது நிக்கவும் நின்னுச்சு. ஆர்சியில கால் மிதிச்சா பின் சக்கரம் மட்டும்தான், அந்த உதவி கிடையாது. பிரேக் பிடிச்ச உடனே வண்டியோட வெயிட், உங்க வெயிட் எல்லாம் முன்னாடி சாயும், பின் சக்கரம் லேசாகும், லேசான சக்கரத்துக்கு ரோட்டப் பிடிக்கற பலம் கிடையாது, ஏபிஎஸ் டக்டக்னு அடிக்கும், வண்டி பாட்டுக்கு போய்ட்டே இருக்கும். நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன் டிஸ்க்தான் பாக்கணும், அதுக்காகத்தான் முன்னாடி 320 மில்லிமீட்டர் டிஸ்க்கும் பின்னாடி 230ம் குடுத்திருக்கான்.

தூக்கி அடிக்கறது முன் பிரேக்கால இல்ல தம்பி, பயத்துல பட்டுனு மொத்தமா பிடிக்கறதால. லிவர முதல்ல லேசா தொடுங்க, முன் சக்கரத்த தாங்கற ஃபோர்க் கீழ அமுங்கறது தெரியும், அது அமுங்கினதுக்கு அப்புறம் இறுக்கிட்டே போகணும், எலுமிச்சம்பழம் பிழியற மாதிரின்னு நான் வகுப்புல சொல்லுவேன், ஒரே குத்துல பிழிஞ்சா கண்ணுல தெறிக்கும், மெதுவா ஆரம்பிச்சு கடைசி சொட்டு வரைக்கும் பிழியலாம். ரெண்டு விரல் போதும், இந்த வண்டி பிரேக்குக்கு நாலு விரல் போடவே வேண்டாம், மீதி ரெண்டு விரல் ஆக்சிலேட்டர பிடிச்சிருக்கட்டும். நிக்கறதுக்கு கடைசி ஒரு மீட்டர்ல பிடிய தளர்த்திக் குடுங்க, இல்லன்னா முன்னாடி குனிஞ்சு நின்னு திரும்ப எகிறி உங்கள டேங்க் மேல தள்ளும். ஹேண்டில் நேரா இருக்கறப்ப பிடிங்க, திருப்பி வெச்சுட்டு மெதுவா போறப்ப முன் பிரேக்க தொட்டா அந்தப் பக்கமே சாஞ்சிரும், அந்த மாதிரி நேரத்துல பின் பிரேக்தான் உங்க நண்பன்.

கணக்குல ஒண்ணு சொல்றேன். நல்லா பிரேக் பிடிக்கத் தெரிஞ்ச ஆளு, காஞ்ச தார் ரோட்டுல, 60ல போறப்ப முழு பிரேக் போட்டா நிக்க கிட்டத்தட்ட 20 மீட்டர் ஆகும். 100ல போனா அது 55 மீட்டர். இதுல பிரேக்க தொடறதுக்கு முன்னாடி மூளைக்கு புரியறதுக்கு ஒரு நொடி ஆகுமே, அந்த ஒரு நொடியில 60ல 17 மீட்டரும் 100ல 28 மீட்டரும் சும்மாவே போயிருப்பீங்க. கூட்டினா 37 மீட்டர், 83 மீட்டர். இது பழகின ஆளுக்கு. கால மட்டும் நம்பி ஓட்டறவருக்கு இந்த தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாயிரும்னு வெச்சுக்கங்க.

டிஸ்ப்ளேல ஏபிஎஸ் எந்த மோடுல இருக்குன்னும் பாருங்க, இந்த வண்டியில சூப்பர்மோட்டோன்னு ஒண்ணு இருக்கு, அதுல பின் சக்கரத்துக்கு ஏபிஎஸ் வேலை செய்யாது, அது வேற விளையாட்டுக்கு. ரோடு மோடுல இருக்கட்டும். அந்த மாடல்ல வளைவுல சாஞ்சிருக்கறப்பவும் வேலை செய்யற ஏபிஎஸ்சும், பின் சக்கரம் சுத்தி வழுக்காம பாத்துக்கற டிராக்‌ஷன் கண்ட்ரோலும் இருக்கு, ரெண்டையும் ஆஃப் பண்ணாதீங்க, அதே நேரத்துல அதுங்க இருக்குன்னு தைரியமாவும் இருந்துராதீங்க, மண்ணு மேல ஏபிஎஸ்சும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது.

எல்லாரும் ஸ்போர்ட்ஸ் பைக்னா ஸ்பீடுல விழுவோம்னு பயப்படறாங்க. முதல் நாள் விழறவங்க பெரும்பாலும் விழறது நடக்கற வேகத்துலதான், பெட்ரோல் பங்க்ல, வீட்டு வாசல்ல, யூ டர்ன் போடறப்ப. உங்க ஸ்பிளெண்டர் 112 கிலோ, சீட் தரையில இருந்து 785 மில்லிமீட்டர். ஆர்சி 172 கிலோ, சீட் 824. அறுபது கிலோ கூட, ஒரு ஆளு வெயிட்டு. உங்க உயரம் எவ்வளவுன்னு எழுதல, ரெண்டு கால்லயும் குதிகால் தரையில படுதான்னு முதல்ல உக்காந்து பாருங்க, படலன்னா ஒரு கால் மட்டும் முழுசா ஊனி நிக்கப் பழகணும், இடது கால் தரையில, வலது கால் பின் பிரேக்ல. கால் வெக்கற எடத்துல ஜல்லியோ மணலோ இருக்கான்னு பாத்துட்டு வைங்க. சாய ஆரம்பிச்சா ஒரு அளவுக்கு மேல 172 கிலோவ யாராலயும் பிடிச்சு நிறுத்த முடியாது, அந்த நேரத்துல வண்டிய விட்டுட்டு கால எடுத்துடுங்க, வண்டிக்கு அடியில கால் மாட்டறதுக்கு ஃபேரிங், அதாவது வண்டிய மூடியிருக்கற பிளாஸ்டிக் உறை, ஒடையறது எவ்வளவோ மேல்.

அடுத்தது ஹேண்டில். ஸ்பிளெண்டர்ல கைய நல்லா முழுசா திருப்பி ஒரே வீச்சுல யூ டர்ன் அடிச்சுட்டு போயிருவீங்க. ஆர்சியில ஹேண்டில் கீழ இருக்கு, அவ்வளவு தூரம் திரும்பாது, முழுசா திருப்பினா கட்டை விரல் டேங்க்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல நெருங்கும், அந்த நேரத்துல ஆக்சிலேட்டர் கொஞ்சம் கூடுச்சுன்னா முடிஞ்சுது. அது போதாதுன்னு அந்த இஞ்சின் ஒத்த சிலிண்டர், 373 சிசி, கம்மி ஆர்பிஎம்ல, அதாவது இஞ்சின் மெதுவா சுத்தறப்ப, ஓட்டறது அதுக்குப் பிடிக்காது, திணறும், வெட்டி வெட்டி இழுக்கும், க்ளட்ச்ச முழுசா விட்டுட்டு நடக்கற வேகத்துல போனா டப்புனு ஆஃப் ஆயிரும். ஸ்பிளெண்டர் எந்த கியர்ல வேணா ஊர்ந்து போகும், இது போகாது. மெதுவா போறப்ப க்ளட்ச்ச பாதியிலயே பிடிச்சு வெச்சு, ஆக்சிலேட்டர் ஒரே சீரா வெச்சு, பின் பிரேக்க லேசா மிதிச்சுட்டே போகணும், இந்த மூணும் சேர்ந்தாதான் வண்டி கயித்து மேல போற மாதிரி நேரா போகும். பார்வை முன் சக்கரத்துல இருக்கக்கூடாது, திரும்பிப் போய் சேர வேண்டிய எடத்த பாக்கணும், கழுத்த நல்லா திருப்பிப் பாக்கணும், எங்க பாக்கறீங்களோ வண்டி அங்கதான் போகும், குழியப் பாத்தா குழிக்குள்ளதான்.

இத பழக ஆர்டிஓ ஆபீஸ்ல போட்டீங்களே ஒரு எட்டு, அதே எட்டுதான். மண் கிரவுண்டு வேண்டாம், வழுக்கும். ஊருக்கு வெளிய சைட் போட்டு இன்னும் வீடு கட்டாம விட்டிருக்கற லேஅவுட் ஏதாவது இருக்கும், தார் ரோடு போட்டு ரெண்டு பக்கமும் கல்லு நட்டு காலியா கிடக்கும், உடுமலை சுத்தி அதுக்கா பஞ்சம், அங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு காலையில ஆறு மணிக்கு போங்க. முதல்ல பெரிய எட்டு, ரோட்டோட முழு அகலமும் எடுத்துக்கங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுருக்குங்க. எட்டு போட்டு முடிச்சதும் நேர் ரோட்டுல பிரேக், 20ல இருந்து நிறுத்துங்க, அப்புறம் 30, அப்புறம் 40, ஒவ்வொரு வேகத்துலயும் ஏபிஎஸ் அடிக்கற வரைக்கும் ஒரு தடவையாவது பிடிச்சுப் பாருங்க, லிவர் விரலுக்கு அடியில துடிக்கும், அந்த துடிப்பு எப்படி இருக்கும்னு நிஜமா தேவைப்படற நாளுக்கு முன்னாடியே உங்க கைக்கு தெரிஞ்சிருக்கணும், தெரியாதவங்க பயந்து பிரேக்க விட்டுடறாங்க.

இப்ப வால்பாறை ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். ஆளியார்ல இருந்து மேல ஏறினா 40 கொண்டை ஊசி வளைவு, அது ஒவ்வொண்ணும் மேட்டுல போடற ஒரு யூ டர்ன்தான். ஹேண்டில் முழுசா திரும்பாத வண்டி, ஊர்ந்து போனா ஆஃப் ஆகற இஞ்சின், தலைகீழா மாறின கியர், பின்னாடி அறுபது எழுபது கிலோவுல ஒரு ஃப்ரெண்டு, எதிர்ல ரோடு முழுக்க எடுத்துக்கிட்டு இறங்கி வர்ற கவர்மெண்ட் பஸ், இதெல்லாம் சேர்ந்து 40 தடவை. வளைவுக்குள்ள வண்டி ஆஃப் ஆச்சுன்னா நீங்க கால் ஊனற பக்கம் ரோடு பள்ளமா இருக்கும், கால் எட்டாது, அப்படியே உள்பக்கம் சாஞ்சிருவீங்க. ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பக்கமெல்லாம் வரையாடு ரோட்டுலயே நிக்கும், மேல போகப் போக பனி இறங்கும், டீ எஸ்டேட் லாரி வரும். வால்பாறை போயே ஆகணும்னா இன்னொரு நாள் ஸ்பிளெண்டர்ல போங்க, நீங்க நல்லா போவீங்க, ஏன்னா அது உங்க கைக்கும் காலுக்கும் தெரிஞ்ச வண்டி.

பவர் பத்தி நீங்க கேக்கவே இல்ல, ஆனா சொல்லாம விட முடியாது. ஸ்பிளெண்டர் 8 குதிரைத்திறன், ஆர்சி 43.5. நம்ம ஊர்ல கியர் வண்டிக்கு ஒரே லைசென்ஸ்தான், 100 சிசியில எட்டு போட்டவரு மறுநாளே 1000 சிசி எடுத்துட்டு ரோட்டுக்கு வரலாம், சட்டப்படி தடையே இல்ல. ஐரோப்பாவுல அப்படி இல்ல, முதல் படி 125 சிசி, 11 கிலோவாட் வரைக்கும், அடுத்த படி 35 கிலோவாட் வரைக்கும், அதுக்கு அப்புறம்தான் பெரிய வண்டி. ஆர்சி 390 அங்க ரெண்டாவது படியில வர்ற வண்டி. நம்ம சட்டம் இந்தப் படிய போடல, அதனால நீங்களே போட்டுக்கணும். முதல் ரெண்டு வாரம் 6000 ஆர்பிஎம் தாண்ட மாட்டேன்னு வெச்சுக்கங்க, அதுக்கு மேலதான் அந்த இஞ்சின் வெறியோட இழுக்கும். இன்னொண்ணு, முன்னாடி இருக்கற ஃபேரிங் காத்த கிழிச்சு விட்டுரும், நெஞ்சுல காத்து அடிக்காது, வண்டி ஆடாது, அதனால 100ல போறது உங்களுக்கு ஸ்பிளெண்டர் 60 மாதிரிதான் தெரியும். உடம்பு சொல்ற வேகத்த நம்பாதீங்க, மீட்டர பாருங்க, குறிப்பா ஊருக்குள்ள நுழையறப்ப. உக்காரறதுலயும் கைய ஊனி உக்காராதீங்க, முட்டியால டேங்க்க இறுக்கிப் பிடிச்சு வயித்து பலத்துல உக்காருங்க, முழங்கை தளர்வா இருக்கட்டும், இல்லன்னா ஒரு மணி நேரத்துல மணிக்கட்டு வலிச்சு பிரேக் பிடிக்கவே கை வராது. வேகம்தான் வேணும்னா கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, அந்த மாதிரி எடத்துல சொல்லிக் குடுக்கறவங்களோட ஓட்டணும், அது பின்னாடி வர வேண்டிய விஷயம்.

இரவல் வண்டிங்கறதால இன்னொரு பக்கம் இருக்கு, யாரும் இத பேச மாட்டாங்க, சொந்தக்காரங்களுக்குள்ள கேக்கறதுக்கு கூச்சம். இன்சூரன்ஸ். 2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்கின டூவீலருக்கெல்லாம் மூணாம் நபர் காப்பீடு, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கான காப்பீடு, அஞ்சு வருஷத்துக்கு சேர்த்தே போட்டிருப்பாங்க, ஆனா வண்டிக்கு ஆகற சேதத்துக்கான பாலிசி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். நிறைய பேரு அஞ்சு வருஷம் இருக்குன்னு நினைச்சுட்டு அந்த ரெண்டாவத விட்டுடறாங்க. 2022 மாடல்ங்கறதால இப்ப அந்த அஞ்சு வருஷமும் முடிஞ்சிருக்குமா, எந்த தேதி வரைக்கும்னு பேப்பர்ல நீங்களே பாருங்க. மூணாம் நபர் காப்பீடு இல்லாம ரோட்டுக்கு வந்தா சட்டப்படி குத்தம், அது கூட பரவால்ல, யார் மேலயாவது இடிச்சுட்டா மொத்த நஷ்ட ஈடும் உங்க தலையிலயும் மச்சான் தலையிலயும்தான் விழும்.

இதெல்லாம் சரியா இருந்தாலும் ஒரு ஓட்டை இருக்கு. பாலிசியில 15 லட்ச ரூபாய்க்கு தனிநபர் விபத்துக் காப்பீடுன்னு ஒரு வரி இருக்கும், அது வண்டிக்கு சொந்தக்காரரே ஓட்டினா அவருக்குத்தான். இரவல் வாங்கி ஓட்டறவருக்கு இல்ல. 2009ல உச்ச நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு, கர்நாடகாவுல ஒருத்தரு இரவல் பைக்ல போறப்ப முன்னாடி இரும்புத் தகடு ஏத்திட்டுப் போன மாட்டு வண்டி திடீர்னு நின்னுருச்சு, மோதி இறந்துட்டாரு. யாரு மேல தப்புன்னு பாக்காம நஷ்ட ஈடு குடுக்கற பிரிவு ஒண்ணு மோட்டார் வாகனச் சட்டத்துல அப்ப இருந்துச்சு, அதுல கேட்டாங்க. வண்டிய இரவல் வாங்கினவரு சொந்தக்காரரோட எடத்துல நிக்கறவரு, அவர மூணாம் நபர்னு சொல்ல முடியாது, அதனால அந்தப் பிரிவுல அவங்க குடும்பம் கேக்க முடியாதுன்னு நீதிமன்றம் சொல்லிருச்சு. பின்னால வந்த கேஸ்லயும் இதே நிலைப்பாடுதான். அதனால உங்க பேர்ல தனியா ஒரு விபத்துக் காப்பீடு போட்டுக்கங்க, ஒண்ணும் முடியலன்னா பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபா பிடிச்சுக்கற பிரதமர் சுரக்‌ஷா பீமா யோஜனாவாவது போடுங்க, 2 லட்சம் வரைக்கும் கிடைக்கும், பெருசு இல்லன்னாலும் ஒண்ணுமே இல்லாததுக்கு தேவல.

சேதம் ஆனா யாரு குடுக்கறதுன்னும் மச்சான்கிட்ட இப்பவே பேசிருங்க. நின்ன எடத்துல ஒரு பக்கமா சாஞ்சா கூட ஃபேரிங் கீறும், லிவர் ஒடையும், இண்டிகேட்டர் போகும், ஹேண்டில் கோணும். இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணினா க்ளெய்மே பண்ணாம இருந்ததுக்கு அவருக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, நோ க்ளெய்ம் போனஸ், போயிரும், அது நஷ்டம் அவருக்கு. சின்ன சேதம்னா நான் குடுத்துடறேன் மச்சான், பெருசுன்னா க்ளெய்ம் பண்ணிட்டு மிச்சத்த நான் பாத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா பின்னாடி ரெண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் வராது. உங்க லைசென்ஸ் தேதியும் பாத்துக்கங்க, லைசென்ஸ் செல்லலன்னா க்ளெய்மே நிக்காது. ஆர்சி புக், இன்சூரன்ஸ் எல்லாம் அவர்கிட்ட காப்பி வாங்கி ஃபோன்ல வைங்க.

வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்து பாருங்க, எவ்வளவுன்னு வண்டியிலயே ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், பங்க்காரரு சொல்ற அளவு வேண்டாம். டயர் பக்கத்துல நாலு இலக்கம் ஒண்ணு இருக்கும், 2321ன்னு இருந்தா 2021ம் வருஷம் 23வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம், அதையும் பாத்துக்கங்க. செயின் காஞ்சு போயிருந்தா லூப் அடிக்கச் சொல்லுங்க. முன் பிரேக் லிவர் விரலுக்கு எட்டுதான்னு பாருங்க, எட்டலன்னா கிட்ட கொண்டு வர அட்ஜஸ்டர் லிவர்லயே இருக்கு. ஹெல்மெட் மட்டும் இரவல் வேண்டாம் தம்பி. குனிஞ்சு உக்காந்து தலைய தூக்கிப் பாக்கணும்ங்கறதால லூசான ஹெல்மெட் காத்துல தூக்கும், கண்ண மறைக்கும். உங்க தலைக்கு சரியான, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட முழு முகம் மூடற ஹெல்மெட் வாங்குங்க, கூட ஒரு ஜோடி கிளவுஸ், விழறப்ப எல்லாருமே முதல்ல கையத்தான் ஊனுவோம்.

அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. வெளிய தெரிஞ்சு அவங்க கேக்கறப்ப சொல்றதுக்கும் நீங்களா உக்கார வெச்சு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு, அதோட நீங்க எந்தப் பக்கம் போயிருக்கீங்க, எப்ப வருவீங்கன்னு வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சே ஆகணும். இந்த ஞாயிறு வால்பாறை இல்லம்மா, லேஅவுட்ல எட்டு போடப் போறேன், வேணும்னா வந்து பாருன்னு சொல்லுங்க, அவங்க பயம் பாதியா குறையும்.

ஒரு வாரம் கால் பழக்கமும், ஒண்ணு ரெண்டு நாள் காலையில லேஅவுட்ல எட்டும் பிரேக்கும் ஆனதுக்கு அப்புறம், ஒரு வேலை நாள் காலையில தனியா திருமூர்த்தி அணை வரைக்கும் போயிட்டு வாங்க, 20 கிலோமீட்டர் சுமாரா வரும், கூட்டம் இருக்காது. அதுல ஒரு தடவை கூட கால் தப்பா அமுக்கலன்னா அடுத்தது கொஞ்சம் தூரமா போங்க, அமுக்கிச்சுன்னா திரும்ப வாசல்ல உக்காந்து பழகுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பின்னாடி ஆள் ஏத்தறத இந்த ஒரு மாசத்துல மறந்துருங்க, அந்த பின் சீட் ரொம்ப உயரம், உக்காந்தவரோட வெயிட் எல்லாம் உங்க முதுகுல, பிரேக் பிடிக்கறப்ப உங்க மணிக்கட்டுல வந்து விழும். ஃப்ரெண்ட் அவரோட வண்டியில பின்னாடி வரட்டும்.

எட்டு போடறப்ப ஒரு பக்கம் சுலபமா வரும், இன்னொரு பக்கம் உடம்பு விறைச்சுக்கும், அனேகமா எல்லாருக்கும் அப்படித்தான். உங்களுக்கு எந்தப் பக்கம் மாட்டுது, உங்க உயரம் எவ்வளவு, ரெண்டையும் எழுதி அனுப்புங்க, அதுக்கு என்ன பண்ணணும்னு அடுத்து சொல்றேன்.